டேகேர் மானியத்தில் கோபே ரத்து: இதை மதிப்பிட ஆய்வு நிதி எங்கே கேட்பது, எதற்கென்று கேட்பது?

ஓடைக்கரை | 12 நவம்பர் 2024

வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், குறைந்த வருமானக் குடும்பங்களின் டேகேர் செலவுக்கு உதவும் சி.சி.டி.எஃப். மானியத்தில் ஒரு மாற்றம் வரவிருக்கிறது. வறுமைக் கோட்டின் 150 சதவீதம் வரை வருமானமுள்ள குடும்பங்கள் மாதாமாதம் கட்டும் பங்கை, கோபே என்கிறோமே அதை, 2025 அக்டோபர் முதல் முழுவதும் ரத்து செய்கிறார்கள். 2024 மார்ச்சில் வெளியான ஃபெடரல் விதி அந்த வரம்பு வரை ரத்து செய்ய இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் செய்கிறார்கள்.

இதை மதிப்பிட ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். குழு சின்னது: ஒரு உதவிப் பேராசிரியர், ஒரு முனைவர் பட்ட மாணவி. மாநில அலுவலகத்தில் பேசியாயிற்று. "தாராளமாகச் செய்யுங்கள்" என்கிறார்கள், ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. திட்டத்தில் இப்போது சுமார் 30,000 குடும்பங்கள்.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் ஆய்வுக் கேள்வி: "மானியம் தாய்மார்களின் வேலைவாய்ப்பை உயர்த்துகிறதா?" எந்த நிதியை முதலில் முயல்வது, எந்த ஒப்பீட்டு முறை மதிப்பீட்டாளர்களிடம் நிற்கும், தரவில் எங்கெல்லாம் இடறும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாழிகை | 12 நவம்பர் 2024

ஓடைக்கரை, நிதிக்குப் போகும் முன் அந்தக் கேள்வியை மாற்றுங்கள். இந்த மானியம் வாங்கவே பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலைக்குப் போகிறவர்கள். உயர இடமே இல்லாத ஓர் எண்ணை அளந்து, கடைசியில் "விளைவு இல்லை" என்று எழுத வேண்டிவரும். அதை வைத்து யாரோ ஒருவர் மானியத்தையே வெட்டச் சொல்வார். இல்லினாய் மாநிலத்தின் குக் கவுண்டியில், வருமான வரம்புக்குச் சற்று மேலே இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில் இதுதான் நடந்தது. மானியத்தைப் பயன்படுத்துவது கூடியது, வேலையிலும் சம்பாத்தியத்திலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மானியம் கிடைக்காவிட்டாலும் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு இந்த முடிவு தெரிந்திருக்கும்.

உங்கள் மாநிலம் செய்வது ஒரே ஒரு விதிமாற்றம். கேள்வியும் அந்த விதியைப் பற்றியே இருக்கட்டும். கோபே போனால் குடும்பங்கள் இடையில் நின்றுபோகாமல் எத்தனை மாதம் கூடுதலாகத் தொடர்கின்றன? பாட்டி, பக்கத்து வீடு என்று விட்டுவந்த குழந்தைகள் உரிமம் பெற்ற டேகேருக்கு மாறுகிறார்களா? வீட்டுக் கையிருப்பிலிருந்து போகும் பணம் உண்மையில் குறைகிறதா?

நான்காவதாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: அதே பணத்தில் வேறு எத்தனை குழந்தைகளைச் சேர்த்திருக்கலாம்? ஃபெடரல் வரையறைப்படி தகுதியுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் இந்த மானியம் எட்டுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபே சராசரி மாதம் 90 டாலர், ரத்தாகும் குடும்பங்கள் 8,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 86.4 லட்சம் டாலர். ஒரு குழந்தைக்கு மாநிலம் ஆண்டுக்கு 8,000 டாலர் செலவழிக்கிறது என்றால், அது 1,080 குழந்தைகளின் இடம். உங்கள் மாநில எண்களை வைத்து இதே கணக்கை முதல் பக்கத்தில் போடுங்கள். ரத்து செய்தது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் காத்திருப்புப் பட்டியலைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

இனி நிதி. சி.சி.டி.எஃப். சட்டமே மொத்த ஒதுக்கீட்டில் அரை சதவீதம் வரை ஆய்வுக்கும் மதிப்பீட்டுக்கும் எடுத்து வைக்க அனுமதிக்கிறது. அந்தப் பணம், குழந்தைகள், குடும்பங்களுக்கான ஃபெடரல் நிர்வாகமான ஏ.சி.எஃப்.-இன் ஆய்வுப் பிரிவான ஓ.பி.ஆர்.இ. வழியாக வருகிறது. உங்களுக்கு நேராகப் பொருந்துவது சைல்ட் கேர் பாலிசி ரிசர்ச் பார்ட்னர்ஷிப்ஸ் என்ற வகை. மானியத்தை நடத்தும் மாநில அலுவலகம் கூட்டாளியாக இருந்தால்தான் அதில் விண்ணப்பிக்க முடியும். இது ஆண்டுதோறும் வருவதில்லை. ஃபெடரல் நிதி அறிவிப்புகள் வரும் கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் இந்தத் திட்டத்தின் எண்ணான 93.575-ஐப் போட்டு, முன்னறிவிப்புப் பிரிவையும் சேர்த்துத் தேடி, மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தபின் கூட்டாளியைத் தேடினால் நேரம் போதாது. கையெழுத்திட்ட கடிதம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

மாணவியின் ஆய்வேட்டுக்கு ஓ.பி.ஆர்.இ. தனியாகவே நிதி கொடுத்துவந்திருக்கிறது. விண்ணப்பதாரர் பல்கலைக்கழகம், மாணவி அல்ல. அந்த அறிவிப்பையும் பார்த்து வையுங்கள்.

தனியார் அறக்கட்டளைகளில் ஸ்பென்சரின் சிறு நிதி 50,000 டாலர் வரை, மேல்செலவு (பல்கலைக்கழகம் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு) கிடையாது. தரவு ஒப்பந்தம், முதல் இணைப்பு, ஒப்பீட்டு முறையின் முன்னோட்டம் ஆகிய மூன்றுக்கும் அது போதும். ஆனால் அவர்கள் கல்வி ஆய்வுக்குக் கொடுப்பவர்கள். குடும்ப வரவுசெலவை மட்டும் பேசினால் எடுபடாது, ஒரே டேகேரில் குழந்தை தொடர்வதைப் பேசுங்கள். வாஷிங்டன் சென்டர் ஃபார் ஈக்விட்டபிள் குரோத் பொருளாதாரப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். ஜே-பால் நார்த் அமெரிக்கா கொடுப்பது குலுக்கல் சோதனைக்கு மட்டும்தான். வில்லியம் டி. கிராண்ட் அறக்கட்டளையில் பலர் மனுப் போட்டு ஏமாறுகிறார்கள். அவர்கள் பார்ப்பது 5 முதல் 25 வயது வரை. டேகேர் மானியத்தில் பெரும்பகுதி அதற்குக் கீழே.

இன்னொரு கதவு மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது. சி.சி.டி.எஃப். பணத்தில் குறைந்தது 9 சதவீதம் தரமேம்பாட்டுக்கும், அதற்கு மேல் 3 சதவீதம் கைக்குழந்தைகள், தவழ்ந்து நடக்கும் குழந்தைகளுக்கான பராமரிப்புக்கும் செலவிட்டாக வேண்டும். அனுமதிக்கப்பட்ட தரமேம்பாட்டு வேலைகளில் பராமரிப்பின் தரத்தையும் பலனையும் மதிப்பிடுவதும் உண்டு. குழந்தைக்கு என்ன பலன் என்ற பகுதியை அந்தத் தலைப்பில் மாநிலமே ஏற்க முடியுமா என்று கேளுங்கள்.

கட்டுத்தறி | 13 நவம்பர் 2024

ஒப்பீட்டு முறை பத்தி மட்டும் சொல்றேன். நீங்க அதிர்ஷ்டசாலி, 150 சதவீதம்ங்கிற வெட்டுப்புள்ளி திட்டத்துக்கு உள்ளேயே இருக்கு.

ஏன்னா, பல பேர் மானியத் தகுதி முடியற வருமான வரம்புல ரெக்ரெஷன் டிஸ்கன்டினியூட்டி, அதாவது வரம்புக்குச் சற்று மேலயும் கீழயும் இருக்கிற குடும்பங்களை ஒப்பிடற முறை, போடப் பார்ப்பாங்க. அங்க வரம்புக்கு மேல இருக்கிறவங்க மனுவே போடறதில்ல, அதனால ஒரு பக்கம் தரவே இருக்காது. போதாததுக்கு சேரும்போது ஒரு வரம்பு, வெளியேற இன்னொரு வரம்பு. சில மாநிலத்துல வரம்பு 185 சதவீதத்துல இருக்கும். பள்ளி மதிய உணவுச் சலுகையும் டபிள்யூ.ஐ.சி.ங்கிற தாய்சேய் ஊட்டச்சத்து உதவியும் அதே புள்ளியில முடியும், எதோட விளைவுன்னு பிரிக்கவே முடியாது. உங்க 150-ல ரெண்டு பக்கமும் மானியம் வாங்கற குடும்பங்கள். ரெண்டு பக்கமும் மாதாமாதம் பதிவு இருக்கு. கோபே மட்டும்தான் மாறுது.

அதுலயும் வெறும் டிஸ்கன்டினியூட்டியோட நிறுத்தாதீங்க. 2025 அக்டோபருக்கு முந்தின ரெண்டு வருஷத்துல அதே 150 புள்ளியில என்ன தாவல் இருந்ததுன்னு பார்த்து, பின்னால வந்த தாவலிலிருந்து கழிங்க. பழைய கோபே அட்டவணை படிக்கட்டு மாதிரி இருக்கும், ஒரு படி சரியா 150-லயே விழுந்திருந்தா முன்னாடியே ஒரு சின்னத் தாவல் இருந்திருக்கும். கழிச்சாத்தான் அது போகும்.

கவனிக்க வேண்டியது நாலு.

எந்த மாத வருமானம்? 2014 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் தகுதி குறைந்தது 12 மாதம். அந்தக் காலத்துக்குள்ள சம்பளம் ஏறினாலும், வெளியேறும் கட்டத்துல இருக்கிற குடும்பங்களைத் தவிர, கோபேயை ஏத்த முடியாது. சம்பளம் குறைஞ்சா கோபே குறையணும். அதனால தகுதியைத் தீர்மானிச்ச நாள்ல பதிவான வருமானத்தை வச்சுத்தான் குடும்பம் 150-க்கு எந்தப் பக்கம்னு பார்க்கணும். நடுவுல திருத்தின வருமானத்தை எடுத்தீங்கன்னா, கோபே குறைய வேண்டி தகவல் கொடுத்த குடும்பங்கள் மட்டும் 150-க்குக் கீழ்ப் பக்கம் குவியும், மொத்தமும் கெட்டுப்போகும்.

வருமானக் குவியல். வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்துல குடும்பங்கள் செயற்கையா குவியுதான்னு பார்க்கிற மெக்ரேரி அடர்த்திச் சோதனையை ரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தனித்தனியா போடுங்க. ரத்து செய்தி பரவினப்புறம் 148, 149-ல குடும்பங்கள் திடீர்னு பெருகினா, எந்தச் சம்பளச் சீட்டுகளைக் கணக்குல எடுக்கிறதுங்கிறதுல கை விளையாடியிருக்குன்னு அர்த்தம். அதனால ரத்துக்கு முன்னாடியே தகுதி தீர்மானமாகி, 12 மாதம் ஓடிக்கிட்டிருந்த குடும்பங்களை முதன்மைக் குழுவா வைங்க. அவங்க வருமானத்தைச் சொன்னப்போ இந்த விதியே கிடையாது, வளைக்கக் காரணமும் இல்ல. ஒரே நிபந்தனை: நடப்புக் குடும்பங்களுக்கும் அக்டோபர்லயே ரத்து உண்டா, இல்ல அடுத்த புதுப்பிப்புலதானான்னு மாநிலத்துக்கிட்ட கேட்டுக்கணும். புதுப்பிப்புலதான்னா இந்தக் குழு கைகொடுக்காது.

வருமானம் பார்க்காம உள்ளே வரும் குடும்பங்கள். டானிஃப்ங்கிற ரொக்க உதவி வாங்கறவங்க, குழந்தைப் பாதுகாப்புத் துறை அனுப்பறவங்க, வளர்ப்புப் பெற்றோர். இவங்க கோபே வேற விதியில ஓடும். முதல்லயே தனியா எடுத்துடுங்க.

மாதிரி அளவு. 30,000-னு சந்தோஷப்படாதீங்க. 150-க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 15 புள்ளிக்குள்ள 4,000 குடும்பம் தேறுதுன்னு வைங்க. குலுக்கலா இருந்தா, 50 சதவீதம் பேர் ஓராண்டு தொடர்றாங்கங்கிற அளவுல, கண்டுபிடிக்கக்கூடிய சிறிய வேறுபாடு 4.4 சதவீதப் புள்ளி. டிஸ்கன்டினியூட்டியில மதிப்பீட்டோட சிதறல் (வேரியன்ஸ்) சுமார் 2.75 மடங்கு, அதோட வர்க்கமூலம் 1.66. ஆக 7.3 புள்ளி. கோபே 90 டாலர் போனா தொடர்ச்சி 7 புள்ளி ஏறுமா? ஏறலாம், ஏறாமலும் போகலாம். இதை விண்ணப்பத்துல ஒளிக்காம எழுதுங்க. முன்னாண்டுத் தரவைக் கழிக்கறப்போ சிதறல் இன்னும் கூடும், அதுக்கும் இடம் விடுங்க.

மாநிலங்களுக்கிடையே ஒப்பிடறதா யாராவது சொல்வாங்க. அர்பன் இன்ஸ்டிட்யூட் பராமரிக்கிற சி.சி.டி.எஃப். கொள்கைத் தரவுத்தளத்துல ஒவ்வொரு மாநில விதியும் எந்தத் தேதியில தொடங்கி எதுல முடிஞ்சதுன்னு இருக்கு, அருமையான வேலை. ஆனா 2020, 2021-ல கொரோனாவுக்காக ஏகப்பட்ட மாநிலங்கள் கோபேயைத் தற்காலிகமா நிறுத்தி, வேறவேற மாதத்துல திரும்பக் கொண்டுவந்தாங்க. டேகேர்கள் மூடாம இருக்கக் கொடுத்த ஸ்திரப்படுத்தும் நிதி 2,400 கோடி டாலர் 2023 செப்டம்பரோட முடிஞ்சது. இதுக்கு நடுவுல மாநிலங்களுக்கிடையே, ஆண்டுகளுக்கிடையே இருக்கிற நிலையான வேறுபாட்டை மட்டும் கழிக்கிற சாதாரண ஒப்பீட்டை ஓட்டினா, ஏற்கெனவே ரத்து செஞ்ச மாநிலம் ஒப்பீட்டுக் குழுவா வந்து உட்காரும். துணை ஆதாரமா வைங்க, முதன்மையா வேண்டாம்.

முற்றம் | 14 நவம்பர் 2024

மேலே சொன்னது எல்லாம் தரவு வந்தால்தான். தரவில் இடறும் இடங்கள் இவை.

அனுமதி, வருகை, பணம் மூன்றும் வேறு வேறு. ஒரு குழந்தைக்கு வாரம் 45 மணி நேர அனுமதி இருக்கும். போனது 30 மணி. பணம் கொடுத்தது முழுநேரக் கட்டணம். மூன்று கோப்புகளையும் கேளுங்கள். பணக் கோப்பில் சேவை நடந்த மாதமும் பணம் போன மாதமும் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாமதமாகப் போன ஒரு பில், குடும்பம் ஒரு மாதம் விலகித் திரும்பி வந்ததுபோல் காட்டும்.

தொடர்ச்சியை அளப்பதில் இதுதான் உயிர்நாடி. இல்லினாய், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஆரகன், டெக்சஸ் ஆகிய ஐந்து மாநிலங்களின் பழைய ஆய்வில், ஒரு தொடர் பயன்பாட்டின் இடைநிலை நீளம் 3 முதல் 7 மாதம் என்று வந்தது. எத்தனை மாத இடைவெளியை முறிவு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இப்படிப்பட்ட எண் பெரிதாக அசையும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இரு வரையறையிலும் முடிவைக் காட்டுங்கள். எதை முதன்மையாக வைப்பீர்கள் என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளின் பதிவு ஏறி இறங்கும். ஐந்து வயதுக்குக் கீழே, மேலே என்று பிரித்துப் பாருங்கள்.

ஏ.சி.எஃப்.-801 என்ற அறிக்கையில் மாநிலம் மாதவாரித் தரவை ஃபெடரலுக்கு அனுப்புகிறது, குடும்ப வருமானம், கோபே எல்லாம் அதில் இருக்கும். அது போதும் என்று சொல்லி உங்களிடம் அதைத் தர முன்வருவார்கள். சில மாநிலங்கள் எல்லாக் குடும்பங்களின் தரவையும் அனுப்பாமல் மாதிரி எடுத்துத்தான் அனுப்புகின்றன. மாதிரியில் இந்த மாதம் இருக்கும் குடும்பம் அடுத்த மாதம் இருக்காது, தொடர்ச்சியை அளக்கவே முடியாது. மூல அமைப்பிலிருந்து எடுத்த கோப்புதான் வேண்டும்.

சம்பாத்தியத் தரவு வேண்டுமானால் வேலையின்மைக் காப்பீட்டின் ஊதியப் பதிவுகள். காலாண்டுக்கு ஒரு எண். சுயதொழில், ஒப்பந்த வேலை, ஃபெடரல் ஊழியர், பக்கத்து மாநிலத்தில் வேலை, எதுவும் அதில் வராது. ஊபர் போன்ற ரைட்ஷேர் கார் ஓட்டும் தாய் அந்தக் கோப்பில் வேலையில்லாதவர். மானிய மனுவில் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயம் கேட்கக் கூடாது என்பது ஃபெடரல் நிலைப்பாடு, கொடுப்பது விருப்பம். ஊதியக் கோப்பிலோ இணைக்க அந்த எண்தான் பிடி, பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. ஆக எண் கொடுக்காத குடும்பங்கள் இணையாது. அவர்களில் குடியேறிய குடும்பங்கள் அதிகம் இருக்க வாய்ப்புண்டு, தற்செயலாக விடுபட்டவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இணையாதவர்களைப் பூச்சியச் சம்பளம் என்று போட்டுவிடாதீர்கள். எண்ணே இல்லாததால் இணையாதவர், எண் இருந்தும் ஊதியப் பதிவு இல்லாதவர் என்று இரண்டு குறியீடு வையுங்கள். வெட்டுப்புள்ளியின் இரு பக்கமும் இணைப்பு விகிதம் ஒன்றா என்று ஓர் அட்டவணை கட்டாயம்.

சட்ட வழி: ஊதியப் பதிவின் ரகசியத்தை ஃபெடரல் விதித்தொகுப்பின் (சி.எஃப்.ஆர்.) 20 சி.எஃப்.ஆர். 603 காக்கிறது. பல்கலைக்கழகம் நேரே போய்க் கேட்டால் கதவு திறக்காது. அரசு அலுவலர் தம் பணிக்காகக் கேட்கலாம், அவருடைய முகவராகவோ ஒப்பந்தக்காரராகவோ ஆய்வுக் குழு வேலை செய்யலாம். அதாவது கோரிக்கை மானிய அலுவலகத்தின் பெயரில் போக வேண்டும். தரவு எடுக்கும் செலவைக் கேட்பவர்தான் ஏற்க வேண்டும், அதை பட்ஜெட்டில் போடுங்கள்.

கடைசியாக, ஐ.ஆர்.பி. எனும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் பரிசீலனையில் பொதுநலத் திட்டங்களை ஆராய்வதற்கென்று ஒரு விலக்கு இருக்கிறது, 45 சி.எஃப்.ஆர். 46.104-இன் ஐந்தாம் வகை. ஃபெடரல் துறை நடத்தும் அல்லது ஆதரிக்கும் ஆய்வுக்கு மட்டும்தான் அது. வேலை தொடங்கும் முன் அத்துறையின் பொதுப் பட்டியலில் ஆய்வு இடம்பெற வேண்டும். ஸ்பென்சர் பணத்தில் ஓடும்போது அதைக் காட்ட முடியாது.

ஓடைக்கரை | 16 நவம்பர் 2024

மூவருக்கும் மிக்க நன்றி. கேள்வியை "கோபே ரத்து, தொடர்ச்சி, இடங்களின் எண்ணிக்கை" என்று மாற்றி எழுதிவிட்டோம். வேலைவாய்ப்பு இரண்டாம் நிலை விளைவாக மட்டும். அலுவலகத்திலும் கேட்டோம்: நடப்புக் குடும்பங்களுக்கும் அக்டோபரிலேயே ரத்து உண்டாம், ஆகவே கட்டுத்தறி சொன்ன முதன்மைக் குழு கிடைக்கும்.

இரண்டு சந்தேகம். பெற்றோரிடம் கருத்துக்கணிப்பு நடத்தாமல் நிர்வாகத் தரவை மட்டும் வைத்து ஒப்பேற்றலாமா? மூன்றாண்டுக்கு மொத்தம் 3,00,000 டாலர் என்று ஒரு வரைவு போட்டிருக்கிறோம், அது நடக்கிற காரியமா?

கட்டுத்தறி | 16 நவம்பர் 2024

தொடர்ச்சிக்குக் கணிப்பு வேண்டாம். கையிலிருந்து போகும் பணத்துக்குக் கட்டாயம் வேணும். ஏன்னா கோபே பூச்சியம்னா பெற்றோர் செலவு பூச்சியம்னு ஆகாது. பல மாநிலத்துல, மானிய விகிதத்துக்கும் டேகேரோட சொந்தக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோர்கிட்ட வாங்கிக்க டேகேருக்கு அனுமதி உண்டு. டேகேர் 1,150 டாலர், மாநிலம் கொடுக்கிறது 980, அந்த 170 யார் தலையில? கோபே போன மறுமாதம் அந்த வித்தியாசம் ஏறினா, சலுகையில ஒரு பகுதி டேகேருக்குப் போயிடுது. இந்தப் பக்கம் சில டேகேர்காரங்க இத்தனை நாளா கோபேயை வசூலிக்காமலே விட்டிருப்பாங்க. அவங்க குடும்பங்களுக்கு ரத்தால ஒரு மாற்றமும் இருக்காது, டேகேருக்குத்தான் லாபம். நிர்வாகத் தரவுல இந்த ரெண்டுமே தெரியாது. உங்க மாநிலம் வித்தியாசம் வாங்க அனுமதிக்குதான்னு மாநிலத்தோட சி.சி.டி.எஃப். திட்ட ஆவணத்துல பாருங்க, அதுக்குன்னே ஒரு கேள்வி இருக்கு.

கணிப்பை 150-க்கு ரெண்டு பக்கமும் இருக்கிற குடும்பங்கள்கிட்ட மட்டும் வைங்க. நாலே நாலு கேள்வி: போன மாதம் டேகேருக்கு எவ்வளவு கொடுத்தீங்க, அது எதுக்கெல்லாம், பாக்கி இருக்கா, பணத்துக்காக டேகேர் மாத்தினீங்களா. பத்து நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. நாற்பது நிமிஷக் கேள்வித்தாளுக்கு இரண்டு வேலை பார்க்கிற தாய் பதில் சொல்ல மாட்டாங்க. சொல்றவங்க வேற மாதிரி ஆளுங்களா இருப்பாங்க.

நாழிகை | 17 நவம்பர் 2024

பட்ஜெட் பற்றி. 3,00,000 என்பது மொத்தமா, நேரடிச் செலவா என்று முதலில் பிரியுங்கள். பல்கலைக்கழக மேல்செலவு 55 சதவீதம் என்றால், மொத்தம் 3,00,000-இல் வேலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,93,500 டாலர்தான். ஃபெடரல் அல்லாத நிதியில் மேல்செலவுக்கு உச்சவரம்பு இருக்கும், அங்கே இதே வேலை குறைந்த மொத்தத்தில் முடியும். கூட்டாளி அமைப்புக்கு ஃபெடரல் அரசுடன் பேசி முடித்த மேல்செலவு விகிதம் இல்லாமல் இருந்தால், 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் வரை போட்டுக்கொள்ளலாம், முன்பு 10.

பலரும் விடுவது மாநிலத்தின் பக்கச் செலவு. தரவுக் கோப்பு எடுக்க அங்குள்ள நிரலாளருக்கு 200 மணி நேரம், மணிக்கு 95 டாலர் என்று வைத்தால் 19,000. மென்பொருள் நிறுவனம் நடத்தும் அமைப்பாக இருந்தால் கோப்பு மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். முன்கூட்டியே விலைக் கடிதம் வாங்குங்கள். கொள்கைப் பிரிவில் ஒருவருடைய நேரத்தில் பத்து சதவீதத்தையாவது நிதியிலிருந்து கொடுங்கள். கொடுக்காவிட்டால் சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. அவர்களுக்கு மனமில்லாமல் அல்ல, ஆளில்லாமல்.

கணிப்பில் 1,200 பதில் வேண்டுமென்றால், 45 சதவீத மறுமொழிக்கு 2,700 குடும்பங்களை அணுக வேண்டும். அன்பளிப்பு 40 டாலர் வீதம் 48,000. தேடிப் பிடிக்கும் ஆள்செலவு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். மாநிலம் வைத்திருக்கும் கைப்பேசி எண்களில் ஒரு பங்கு வேலை செய்யாது. ஆக 1,93,500-இல் கணிப்பும், மூன்றாண்டு பாதிநேரத் தரவு ஆய்வாளரும், மாணவியின் உதவித்தொகையும் சேர்ந்து அடங்காது. கணிப்பை 600 பதிலாகக் குறையுங்கள், அல்லது மொத்தத்தை 4,50,000 பக்கம் கொண்டுபோங்கள். குறைத்தால், கண்டுபிடிக்கக்கூடிய சிறிய வேறுபாட்டையும் அதற்கேற்பத் திருத்தி எழுதுங்கள். மதிப்பீட்டாளர் கண் முதலில் போவது அங்கேதான்.

ஃபெடரல் பணம் சாதாரண கிராண்டாக இல்லாமல், ஏஜென்சியும் வேலையில் பங்கெடுக்கும் கூட்டுறவு ஒப்பந்தமாக வந்து, கேள்வித்தாளை ஏஜென்சி ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தால், பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்க, ஃபெடரல் அரசின் பட்ஜெட் அலுவலகமான ஓ.எம்.பி.யின் அனுமதி தேவைப்படும். 60 நாள் அறிவிப்பு, 30 நாள் அறிவிப்பு, நடுவில் திருத்தம் என்று ஆறு முதல் ஒன்பது மாதம் போய்விடும். கணிப்பை முதலாண்டில் வைத்த அட்டவணை அப்போதே உடையும். இரண்டாம் ஆண்டில் வையுங்கள்.

தரவு ஒப்பந்தத்துக்குத் தனியாக ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. ஆகவே ஸ்பென்சரின் சிறு நிதிக்கு இப்போதே மனுப் போட்டு, அந்தப் பணத்தில் ஒப்பந்தத்தை முடித்துவிட்டுப் பெரிய நிதிக்குப் போவதுதான் வழி. பெரிய விண்ணப்பத்தில் "தரவு கையில் இருக்கிறது, 150-இன் இரு பக்கமும் இத்தனை குடும்பங்கள்" என்ற ஒரு வரி, பத்துப் பக்க வாக்குறுதியைவிடக் கனமானது.

மாநிலத்தின் கடிதத்தில் "ஆய்வை ஆதரிக்கிறோம்" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கோப்புகள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தத் தேதிக்குள், பொறுப்பாளரின் பதவி எது, முடிவு மாநிலத்துக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடலாமா, வெளியீட்டுக்கு முன் அவர்கள் படித்துப் பார்க்க எத்தனை நாள். முப்பது நாள் என்று போடுங்கள். தடுக்கும் உரிமை அல்ல, கருத்துச் சொல்லும் உரிமை. இயக்குநர் மாறினால் வாய்வார்த்தை போய்விடும், கடிதம் நிற்கும்.

முற்றம் | 18 நவம்பர் 2024

நாழிகை சொன்ன கடிதத்தில் இன்னொரு வரி சேருங்கள், இதற்கு நிதி வரும்வரை காத்திருக்க முடியாது. 2025 அக்டோபரில் ரத்து நடப்புக்கு வந்ததும், அமைப்பில் கோபே என்ற புலத்தில் பூச்சியம் ஏறும். பல அமைப்புகள் பழைய எண்ணை வைத்திருக்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். அதன்பின் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தொகை ரத்தானது என்பதே தெரியாமல் போகும். வருமானத்தையும் குடும்ப அளவையும் வைத்துப் பழைய அட்டவணைப்படி மறுபடி கணக்கிடலாம்தான், ஆனால் எத்தனை குழந்தைகள், முழுநேரமா அரைநேரமா, இரண்டாம் குழந்தைக்குக் கழிவு உண்டா என்று பத்து விதி அதில் கலந்திருக்கும், முழுக்க ஒத்துவராது. இன்னொன்று: கோபே இல்லாதபோது வருமானத்தைத் துல்லியமாகப் பதிவதில் அலுவலர்களுக்கு அக்கறை குறையும். 150-க்குக் கீழே என்று தெரிந்தால் போதும் என்று தோராயமாகப் போடுவார்கள், புதிதாகச் சேரும் குடும்பங்களில் உங்கள் வெட்டுப்புள்ளியே மங்கிவிடும்.

மாநிலத்திடம் கேட்க வேண்டியது மூன்று. பழைய அட்டவணைப்படியான கோபேயை வேறொரு புலத்தில் கணக்கிட்டுச் சேமித்துக்கொண்டே வருவது. வருமானத்தை டாலர் கணக்கில் தொடர்ந்து பதிவது. 2025 செப்டம்பர் 30 அன்று முழுத் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்து வைப்பது. மென்பொருள் மாற்றத்துக்கான வேலைப்பட்டியலை அவர்கள் பல மாதம் முன்பே பூட்டிவிடுவார்கள், அதனால் இந்தக் கோரிக்கை ஜனவரிக்குள் போய்ச் சேர வேண்டும்.